பெனின் பித்தளைத் தலை ஓவொன்ராம்வெனுடையதா? சரிபார்க்கும் முறை

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில், அல்லது ஏலப் பட்டியலில், ஒரு பித்தளைத் தலை. அடியில் "பெனின், 1897, ஓபா ஓவொன்ராம்வென்" என்று சீட்டு. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

முதலில் ஆண்டுக் கணக்கைப் போடுங்கள். இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசில் ஓபா (அரசர்) இறந்தபின், பட்டமேறும் மகன் தந்தைக்குப் பலிபீடம் எழுப்புவார். அதில் வைக்க வார்க்கப்படுவதுதான் இந்தத் தலை. ஓவொன்ராம்வென் 1888 வாக்கில் பட்டமேறினார். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை நகரைப் பிடித்து அரண்மனையைச் சூறையாடியது. ஆகஸ்டில் அவர் சரணடைய, தென்கிழக்கு நைஜீரியாவின் கலபார் நகருக்கு நாடுகடத்தினார்கள்; 1914 ஜனவரியில் அங்கேயே இறந்தார். ஆக, 1897இல் கொள்ளைபோன எதுவும் அவருடைய நினைவுத் தலையாக இருக்க வழியில்லை. மிஞ்சிப்போனால், தன் தந்தை அடோலோவுக்கென்று அவர் வார்ப்பித்ததாக இருக்கலாம். ஓவொன்ராம்வெனுக்கான பலிபீடம் எழுந்ததே, 1914இல் அவர் மகன் இரண்டாம் எவேகா பட்டமேறி முடியாட்சி மீண்ட பிறகுதான். சீட்டிலுள்ள 1897 பொருள் பறிபோன ஆண்டு. அதைச் செய்த ஆண்டாகப் படிப்பதால்தான் பாதிக் குழப்பம்.

அடுத்து வடிவம். கழுத்தில் தொடங்குங்கள். பவளமணி வரிசைகள் கழுத்தோடு ஒட்டி, தாடைக்குக் கீழேயே நின்றுவிட்டால் பழைய பாணி. அவை மேலேறி மோவாயை மூடி உதட்டைத் தொட்டால் பிந்தியது. பிறகு அடிவிளிம்பு: பிந்திய தலைகளில் தட்டுப்போல் வெளியே விரிந்த விளிம்பு இருக்கும், அதில் மாட்டுத்தலை, தவளை, கையில் முடியும் யானைத் துதிக்கை போன்ற உருவங்கள் புடைத்து நிற்கும். உச்சித் துளையில் செதுக்கிய யானைத் தந்தத்தை நிறுத்துவார்கள். அந்தப் பாரத்தைத் தாங்க அகலமான அடியும் தடித்த சுவரும் உதவும். ஐரோப்பிய வணிகத்தில் வளைய வடிவப் பித்தளை தாராளமாக வந்ததால் உலோகத்தை மிச்சம் பிடிக்கும் தேவையும் குறைந்தது. எனவே அடிப்பக்கப் படம் ஒன்றைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மெல்லிய சுவர் பழமைக்கு அடையாளம், கனமான சுவர் பிற்காலத்துக்கு. முன்பக்கப் படம் மட்டும் அனுப்புகிறவரிடம் முடிவு எதுவும் சொல்லாதீர்கள்.

கிரீடத்தின் இருபுறமும் இறகுபோல் நிமிர்ந்த பகுதிகள் இருந்தால் வேலை எளிது. அந்த அணியைப் புகுத்தியவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட ஒசெம்வெண்டே என்பது மரபு. ஆகவே தலை அதற்கு முந்தியதல்ல. இறகு இல்லாததை மட்டும் வைத்துப் பழையது என்று சொல்லிவிட முடியாது.

மெல்லியதிலிருந்து தடித்ததற்கு என்ற இந்த வரிசையே ஆய்வாளர்களின் ஊகம்தான். நூற்றாண்டைச் சொல்ல அது போதும். இன்ன அரசர் என்று பெயர் சொல்லப் போதாது.

வழக்கமான சறுக்கல்கள் சில உண்டு. முன்னோக்கி வளைந்த கூம்புத் தொப்பி இருந்தால் அது இயோபா, அதாவது அரசரின் தாய். "வெண்கலம்" என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலானவை பித்தளையே. நாட்டின் பெயரிலும் கவனம் வேண்டும்: இந்த அரசு இன்றைய நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் இருந்தது. பெனின் குடியரசு வேறு. அது பழைய டஹோமி, பெஹான்சின் ஆண்ட நாடு.

போலிதான் பெரிய தலைவலி. பெனின் நகரின் இகுன் தெருவில் மெழுகு வார்ப்பு (களிமண் கருவின் மேல் மெழுகில் உருச்செய்து, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது) இன்றும் அதே முறையில் நடக்கிறது, ஆகவே செய்முறையைப் பார்த்து வயதைச் சொல்ல இயலாது. உள்ளே சுட்ட களிமண் கரு மிச்சமிருந்தால் அது எப்போது சுடப்பட்டது என்று கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை உதவும். கருவைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். கடைசியாக, 5,000க்கு மேற்பட்ட பொருட்களைத் தொகுத்துள்ள டிஜிட்டல் பெனின் தளத்தில் அதே கழுத்து, அதே விளிம்பு உள்ள தலைகளைத் தேடி, கைமாறிய வரலாற்றோடு ஒப்பிடுங்கள்.