அகழாய்வில் கிடைத்த விலங்கு எலும்புகளை அளப்பது எப்படி

ஒரு வெள்ளாட்டின் எலும்பைக் கையில் எடுத்து, காலிப்பரை (இரண்டு தாடைகளுக்கு நடுவே பொருளைப் பிடித்து அளக்கும் கருவி) வைத்து, 28.4 மி.மீ. என்று எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. அந்த எண் எதைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். மேசைக்கு வந்து சேர்ந்த எலும்புகளை வைத்து அன்றைய மந்தை முழுவதையும் பார்த்துவிட்டதாக நினைக்காதீர்கள். எந்த வயதில் எதை வெட்டினார்கள், நாய் எதைக் கடித்துத் தின்றது, மண் எதைக் கரைத்தது என்று பல வடிகட்டல்களைத் தாண்டித்தான் எலும்பு நம்மிடம் வருகிறது. வந்ததிலும் அளக்கத் தகுந்தது கொஞ்சமே. அதனால் அளக்கும்போதெல்லாம் 'இதில் யார் விடுபட்டுப் போயிருக்கிறார்கள்?' என்ற கேள்வி கூடவே இருக்க வேண்டும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை. 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர் ஒன்று. நீண்ட எலும்புகளுக்கு, ஒரு முனை அசையாமலும் மறுமுனை நகரும்படியும் உள்ள அளவுப் பலகை. காலிப்பரின் திரை 0.01 மி.மீ. வரை காட்டும்; அதை நம்பி இரண்டு தசமம் எழுத வேண்டாம். பழைய எலும்பின் மேற்பரப்பு அவ்வளவு துல்லியத்தைத் தாங்காது, 0.1 மி.மீ. போதும். அளக்க உட்காரும்போதெல்லாம் காலிப்பரின் தாடைகளை மூடிப் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு மண் துகள் சிக்கினாலும் அன்றைய எண்கள் எல்லாமே நகர்ந்துவிடும். தாடையை அழுத்தி மூடவும் கூடாது. எஃகு விளிம்பு மெத்தென்ற எலும்பில் தடம் போட்டுவிட்டால், அடுத்து அளப்பவர் அந்தத் தடத்தைத்தான் அளப்பார்.

கழுவிய எலும்பு நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே காலிப்பரை எடுங்கள். நெருப்பில் பட்டதைத் தனியே வையுங்கள். வெந்து வெளுத்த எலும்பு கணிசமாகச் சுருங்கியிருக்கும், அதைச் சாதாரண எலும்போடு சேர்த்தால் இல்லாத ஒரு குட்டை இனம் உங்கள் அட்டவணையில் பிறந்துவிடும். விலங்கின் வயிற்றுக்குள் போய் அமிலத்தில் கரைந்து வந்தவை, நாய் கடித்து விளிம்பு போனவை, நோயால் புடைத்தவை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

எந்த விலங்கு?

இதற்குப் பதில் தெரியாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. மாட்டையும் ஆட்டையும் பிரிப்பது எளிது. செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிப்பதுதான் கஷ்டம், அதில் அளவே நமக்குக் கைகொடுக்கும்.

முன்னங்காலின் கீழ்ப்பகுதியில் உள்ள மெட்டாகார்பல் எலும்பை எடுத்து அதன் கீழ்முனையைப் பாருங்கள். இரண்டு குளம்புகளுக்கும் ஏற்ப அங்கே இரண்டு உருளைகள் இருக்கும். ஒவ்வோர் உருளையின் நடுவிலும் முன்பின்னாக ஒரு முகடு ஓடும். முகட்டுக்கு வெளிப்பக்கம் உள்ள பாதி, வெள்ளாட்டில் சட்டென்று சரிந்து சிறுத்துப்போயிருக்கும். செம்மறியில் அவ்வளவு சிறுக்காது. முன்பின் கனத்தை முகட்டின் மேல் ஒரு முறையும் அந்த வெளிப்பாதியில் ஒரு முறையும் அளந்துகொள்ளுங்கள். வெளிப்பாதி 9.6 மி.மீ., முகடு 16.2 மி.மீ. என்றால், முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100-ஆல் பெருக்க, 59 வரும். வளர்ந்த விலங்கில் இது ஏறக்குறைய 63-க்குக் கீழே இருந்தால் வெள்ளாடு, மேலே இருந்தால் செம்மறி. 63-ஐ ஒட்டி வந்தால் 'ஆடு' என்று மட்டும் எழுதிவிட்டு நகருங்கள். உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு பெயரைத் திணித்தால், பின்னால் போடும் வரைபடங்கள் எல்லாமே கெட்டுப்போகும்.

வளர்ந்து முடிந்ததா?

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது.

குட்டியாக இருக்கும்போது நீண்ட எலும்பின் தண்டும் முனையும் தனித்தனித் துண்டுகள். நடுவில் உள்ள குருத்தெலும்பில்தான் வளர்ச்சி நடக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத எலும்பின் முனை கரடுமுரடாக, மேடுபள்ளமாக இருக்கும். ஒட்டிக்கொண்டிருக்கும் பருவத்தில் ஒரு கோடு தெரியும். முழுதும் ஒட்டியதில் அந்தக் கோடும் மறைந்துவிடும்.

எல்லா முனைகளும் ஒரே வயதில் ஒட்டுவதில்லை. ஆட்டின் மேற்கை எலும்பில், அதாவது முன்னங்காலில் தோள்பட்டைக்குக் கீழே உள்ள முதல் நீண்ட எலும்பில், கீழ்முனை ஏறத்தாழ ஒரு வயதுக்குள் ஒட்டிவிடும். அதே எலும்பின் மேல்முனை ஒட்ட மூன்று வயதுக்கு மேல்கூட ஆகும். மெட்டாகார்பலின் கீழ்முனை ஒட்டுவது இவற்றுக்கு நடுவில், ஒன்றரை இரண்டு வயதை ஒட்டி. தீவனமும் காயடிப்பும் இந்த வயதுகளை முன்பின்னாகத் தள்ளும், ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது. இதனால் என்ன ஆகிறது என்று யோசியுங்கள். மேற்கை எலும்பின் கீழ்முனை அகலங்களை வரைபடமாகப் போட்டால், ஒரு வயது தாண்டிய எல்லா ஆடுகளும் அதில் வரும். அதே எலும்பின் முழு நீளத்தைப் போட்டால், மூன்று வயதுவரை உயிரோடு விடப்பட்டவை மட்டுமே வரும். எலும்பு ஒன்றே என்றாலும் இரண்டு வரைபடங்களிலும் இருப்பது வெவ்வேறு கூட்டம். எந்த அளவாக இருந்தாலும் அதோடு ஒரு வயது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கணுக்காலில் உள்ள அஸ்ட்ராகலஸ் எலும்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கெட்டியானது, சின்னது, பெரும்பாலும் உடையாமல் முழுதாகவே கிடைக்கும்; அதனால் அளப்பவர்கள் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் அதற்கு ஒட்டும் முனையே கிடையாது. குட்டியுடையதும் கிழட்டு ஆட்டினுடையதும் ஒரே வடிவத்தில் இருக்கும். எடை இல்லாமல், மேற்பரப்பு நுண்துளைகளோடு சொரசொரவென்று இருந்தால் இளசு என்று ஒதுக்குங்கள். பற்கள் இதற்கு நேரெதிர். முளைத்த பல் வளராது, தேயத்தான் செய்யும். அதனால் பல்லின் அகலத்தை வயதைப் பற்றிக் கவலைப்படாமல் பயன்படுத்தலாம்; தேய்மானத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றியையும் வீட்டுப்பன்றியையும் பிரிக்க மூன்றாம் கடைவாய்ப்பல்லை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

இதில் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஆங்கெலா ஃபான் டென் டிரீஷ் 1976-இல் வெளியிட்ட அளவு வழிகாட்டியைத்தான் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். எந்த எலும்பில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை என்று படத்தோடு இருக்கிறது. அதிலிருந்து விலகினால் உங்கள் எண்ணை வேறு எவருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. விலகத்தான் வேண்டும் என்றால், எங்கே அளந்தீர்கள் என்று படம் போட்டுக் காட்டுங்கள்.

கைப்பழக்கம் இரண்டு வேண்டும். அதிகபட்ச நீளம் எடுக்கும்போது எலும்பைத் தாடைகளுக்கு நடுவே மெல்ல அசைத்து, திரையில் வரும் மிகப்பெரிய எண்ணை எழுதுங்கள். தண்டின் குறைந்தபட்ச அகலம் என்றால் காலிப்பரைத் தண்டின் மேல் வழுக்கிக்கொண்டே போய், மிகச்சிறிய எண்ணை எழுதுங்கள். மேற்கை எலும்பின் கீழ்முனை கயிறு ஓடும் கப்பிபோல இருக்கும். அந்தக் கப்பியின் அகலத்தை எடுக்கும்போது முன்பக்கத்தை உங்களைப் பார்க்கத் திருப்பி, மூட்டுப் பரப்பின் விளிம்பில் மட்டும் தாடை உட்கார வேண்டும். பக்கவாட்டில் தசை பிடிக்கும் மேடுகளில் தாடை ஏறிவிட்டால் அது வேறு அளவாகிவிடும்.

ஒரு தொகுதியை அளந்து முடித்ததும் கொஞ்ச நாள் விட்டு, பழைய தாளைப் பார்க்காமல் அதே எலும்புகளை மறுபடி அளந்து பாருங்கள். 30 மி.மீ. எலும்பில் 0.2 வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. ஒரு மி.மீ. வந்தால் கை நடுங்கியது காரணமில்லை, அந்த அளவு எங்கே தொடங்குகிறது என்பதே உங்களுக்குத் தெளிவாகவில்லை. படத்தை மறுபடி பாருங்கள். இருவர் சேர்ந்து வேலை செய்தால் இந்தச் சோதனை இல்லாமல் தொடங்கவே கூடாது.

பதிவில் ஓர் எலும்புக்கு ஒரு வரி. எந்தக் குழி, எந்த அடுக்கு, எந்த விலங்கு, எந்த எலும்பு, இடதா வலதா, முனை ஒட்டியதா, எரிந்ததா, கடிபட்டதா, அப்புறம்தான் அளவுகள். உடைந்த இடத்தை அளக்க முடியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் கணினி அதையும் சராசரியில் சேர்த்துவிடும். உத்தேசமாக எடுத்த அளவுக்குத் தனிக் குறி போடுங்கள். ஒரே விலங்கின் இடதும் வலதும் சேர்ந்து கிடைத்தால் கணக்கில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

எண்கள் சேர்ந்தபின்

சராசரியிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் எல்லாப் புள்ளிகளையும் வரைபடத்தில் போட்டுக் கண்ணால் பாருங்கள். இரண்டு கொத்தாகப் பிரிந்தால் அது ஆணும் பெண்ணுமாக இருக்கலாம், காட்டு விலங்கும் வளர்ப்பு விலங்குமாக இருக்கலாம், இரண்டு காலங்களாகவும் இருக்கலாம். நீளத்தை ஓர் அச்சிலும் அகலத்தை இன்னோர் அச்சிலும் போட்டால் கொஞ்சம் தெளியும். மாட்டின் மெட்டாகார்பலில் பசுவுடையது ஒல்லி, காளையுடையது அகலம். இளமையில் காயடித்த எருதில் முனைகள் தாமதமாக ஒட்டுவதால் எலும்பு நீண்டுபோகும். வண்டியும் ஏரும் இழுத்த மாட்டில் கீழ்முனை, அதிலும் உட்பக்கம், விரிந்து தடித்திருக்கும். வெறும் எண்களிலிருந்து அந்த மாடு செய்த வேலைவரை போக முடிவது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, விடுபட்டவர்களைப் பற்றிய கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம்? மேற்கு ஈரானின் ஜாக்ரோஸ் மலைப்பகுதியில் கஞ்ச் தரே என்ற இடம், சுமார் 10,000 ஆண்டுகள் பழமையானது. வளர்க்கத் தொடங்கினால் விலங்கு சிறுக்கும், எனவே எலும்பு சிறுத்திருந்தால் அது வளர்ப்பு ஆடு என்றே வெகுகாலம் கணக்குப் போட்டார்கள். மெலிண்டா ஜீடரும் பிரையன் ஹெஸ்ஸியும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் அங்கே கிடைத்த வெள்ளாட்டு எலும்புகளை ஆண், பெண் என்று பிரித்து, முனை ஒட்டியதையும் ஒட்டாததையும் தனித்தனியே பார்த்தார்கள். அதே பகுதிக் காட்டு ஆடுகளைவிட அவை சிறுத்திருக்கவில்லை. மாறியிருந்தது வெட்டும் முறை. கிடாக்களை இளம் வயதிலேயே வெட்டிவிட்டு, பெட்டைகளைக் குட்டி ஈனுவதற்காக வளர்ந்தபின்னும் வைத்திருந்தார்கள். இளம் கிடாக்களின் எலும்பு முனைகள் ஒட்டியிருக்காது, ஆகவே வழக்கப்படி அளவில் சேராது. ஒட்டியதை மட்டும் அளந்தால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் பெட்டைகள். மந்தையே சிறுத்துப்போன மாதிரி தெரியும். அன்றைய மேய்ப்பர்கள் எடுத்த முடிவு, விடுபட்ட எலும்புகளில்தான் இருந்தது. அதனால் ஒட்டாத எலும்புகளையும் அளங்கள் என்பேன். ஒட்டியதோடு கலக்காமல் தனி அட்டவணையில் வைத்தால் போதும்.

இன்னொரு தடுமாற்றம் தட்பவெப்பம். சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் முடிந்து வெப்பம் கூடியபோது, யாரும் வளர்க்காத காட்டு விலங்குகளிலும் பல சிறுத்தன. அதனால் ஆடு சிறுத்திருக்கிறது என்று சொல்லும் முன், அதே இடத்தில் கிடைத்த நரி போன்ற ஒரு காட்டு விலங்கையும் அளந்து பாருங்கள். இரண்டுமே சிறுத்திருந்தால் மனிதர் கைவரிசை என்று சொல்ல அவசரப்பட வேண்டாம்.

எலும்புகள் குறைவாக இருந்தால், ஒவ்வோர் அளவையும் தெரிந்த ஒரு விலங்கின் அதே அளவால் வகுத்து மடக்கை எடுத்து, வெவ்வேறு எலும்புகளை ஒரே அச்சில் கொண்டுவரலாம். ஒப்பீட்டு விலங்கில் 30 மி.மீ., உங்களுடையது 27 என்றால் 10-அடி மடக்கை -0.046; 33 என்றால் +0.041. நல்ல வழிதான், ஆனால் நீளங்களையும் அகலங்களையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள், பற்களை எலும்போடு சேர்க்காதீர்கள், ஓர் எலும்பிலிருந்து ஓர் எண்ணுக்கு மேல் எடுக்காதீர்கள்.

தோள் உயரம் கணக்கிட எல்லோருக்கும் ஆசை. செம்மறியின் மெட்டாகார்பல் நீளத்தை 4.89-ஆல் பெருக்குவது 1975-இல் டைஷெர்ட் கொடுத்த வழி, 125 மி.மீ. என்றால் சுமார் 61 செ.மீ. ஆனால் கால் நீண்ட இனமும் கால் குட்டை இனமும் இதே பெருக்கலுக்குக் கட்டுப்படாது. படிப்பவர் மனதில் ஓர் உருவம் வர அது உதவும், அவ்வளவே. ஒப்பிடுவதற்கு எலும்பின் அளவையே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் சராசரியை மட்டும் போட்டுவிட்டு முடிக்காதீர்கள். ஒவ்வோர் எலும்பின் தனித்தனி அளவும் பின்னிணைப்பில் இருக்கட்டும்; பத்து ஆண்டுகள் கழித்து ஒருவர் புதுக் கேள்வியோடு வந்தால் அதைத்தான் தேடுவார். அதோடு, அடையாளம் கண்ட எலும்புகள் எத்தனை, அதில் அளந்தவை எத்தனை, மற்றவற்றை எதனால் அளக்கவில்லை (ஒட்டாதது, எரிந்தது, உடைந்தது) என்று ஒரு சிறு அட்டவணையும் சேருங்கள்.