காசிமேட்டு அலை, கேரம் ஸ்ட்ரைக்கர், அப்புறம் மார்க் போகும் இடங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒளியின் இரட்டைப் பண்பு, அதாவது ஒளி அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்வது, வந்தால் அலைக்குக் காசிமேட்டுக் கடல், துகளுக்குக் கேரம் போர்டு என்றுதான் ஆரம்பிப்பேன், இந்தப் பக்கத்தில் இரண்டையும் பார்க்காத பிள்ளை கிடையாது. ஆனால் விடைத்தாளைத் திருத்தும்போது பார்த்தால் நிறைய தவறு நான் சொன்ன உதாரணத்திலிருந்தே முளைத்திருக்கிறது.

முதலில் கடல். ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போவதாகப் படம் போடுகிறார்கள். புத்தகத்தில் இருக்கும் அந்த நெளிகோடு ஒளி போகும் பாதை இல்லை, ஒவ்வொரு இடத்திலும் மின்புலம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று காட்டும் கிராஃப். கடல் உதவுவது வேறு இடத்தில்: துறைமுக வாயில் வழியாக நுழையும் அலை நேராக மட்டும் போகாமல் பக்கவாட்டில் விரிகிறதே, அதுதான் விளிம்பு விளைவு.

பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மெல்லிய பிளவு வழியே ஒளியை அனுப்பினால் திரையில் வெளிச்சமும் இருட்டுமாக வரும் வரிகளுக்கு ஃபோட்டான் கூட்டம் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதுதான் காரணம் என்றும் எழுதாதீர்கள். 1909-இல் ஜி. ஐ. டெய்லர் ஒளியை ரொம்பவே மங்கலாக்கி, ஒரு ஊசியின் நிழலை மாதக்கணக்கில் புகைப்படத் தட்டில் பதியவிட்டார், அப்போதும் வரிகள் அப்படியே இருந்தன. பிற்பாடு ஒவ்வொரு ஃபோட்டானாக அனுப்பியும் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு புள்ளியாக விழுகிறது, புள்ளிகள் சேரச் சேர வரிகள் தெரிகின்றன.

அதிகம் மார்க் போவது ஒளிமின் விளைவில், அதாவது உலோகத்தில் ஒளி பட்டு எலக்ட்ரான் வெளியே வருவதில். 'ஒளிச்செறிவைக் கூட்டினால் எலக்ட்ரான் வேகமாக வரும்' என்பது வருஷா வருஷம் வரும் பதில். மெட்ரோ கேட்டை நினைத்துப் பாருங்கள். கார்டில் பேலன்ஸ் போதாத நூறு பேர் சேர்ந்து வந்தாலும், என்னிடம் பத்து, உன்னிடம் பதினைந்து என்று கூட்டிக் காட்டினால் கேட் திறக்காது. இங்கே பேலன்ஸ் என்பது எலக்ட்ரான் ஒரே ஒரு ஃபோட்டானிடமிருந்து வாங்கும் ஆற்றல், கட்டணம் என்பது உலோகத்தை விட்டு வரக் குறைந்தது தேவைப்படும் வெளியேற்று ஆற்றல். சோடியத்துக்கு அது சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட். 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் ஒரு ஃபோட்டானுக்கு 1.9 தான், விளக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒன்றும் வராது. 400 நானோமீட்டர் ஊதாவில் 3.1, அதனால் கட்டணம் போக மிச்சம் 0.8, அதுதான் வெளியே வரும் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல். செறிவைக் கூட்டினால் கேட்டைத் தாண்டுபவர் எண்ணிக்கை கூடும், யாருடைய மிச்சமும் கூடாது.

இனி கேரம். ஒரு பையன் கேட்டான்: "மிஸ், காயினை அடிச்ச பிறகு ஸ்ட்ரைக்கர் எங்க போய் நிக்கும்?" நல்ல கேள்வி, எனக்குத்தான் உதைத்தது. ஒளிமின் விளைவில் ஃபோட்டான் எங்கேயும் நிற்பதில்லை, முழுசாக உட்கவரப்பட்டு இல்லாமலே போகிறது. ஸ்ட்ரைக்கர் உதாரணம் ஓரளவு பொருந்துவது 1923-இல் காம்ப்டன் எக்ஸ் கதிரை வைத்துச் செய்த சோதனைக்கு, அங்கே ஃபோட்டான் எலக்ட்ரானைத் தள்ளிவிட்டுச் சிதறிப் போகிறது. ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: ஸ்ட்ரைக்கர் மோதினால் வேகம் குறையும், ஃபோட்டானுக்கு வேகம் குறையாது, அலைநீளம்தான் கூடும். நிறை இல்லாததற்கு உந்தம் எப்படி என்று குழம்பி சைபர் போடாதீர்கள், ஹெச் என்னும் பிளாங்க் மாறிலியை அலைநீளத்தால் வகுத்தால் உந்தம்.

ஒளி துகள்தான் என்ற நியூட்டனின் பழைய கருத்தையே ஐன்ஸ்டைன் திருப்பிக் கொண்டுவந்தார் என்பதும் தப்பு. நியூட்டன் கணக்குப்படி ஒளி தண்ணீரில் இன்னும் வேகமாகப் போக வேண்டும், 1850-இல் ஃபூக்கோ அளந்தபோது மெதுவாகத்தான் போனது. ஐன்ஸ்டைனின் 1921 நோபல் சார்பியலுக்கு இல்லை, ஒளிமின் விளைவுக்கு. ஒரு மார்க் கேள்வி, அநியாயமாக விடுகிறார்கள்.

கடைசியாக, குறுக்குவழியாக எல்லோரும் மனப்பாடம் செய்யும் அந்த 1240. அதை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் ஆற்றல் கிடைக்கும், ஆனால் ஃபோட்டானுக்கு மட்டும். 100 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் டி ப்ராய் அலைநீளம், அதாவது துகளுக்கும் உண்டு என்று டி ப்ராய் சொன்ன அலைநீளம், 0.1227 நானோமீட்டர். 1240-ஐ இதால் வகுத்தால் பத்தாயிரத்துச் சொச்சம் வரும், சரியான விடை வெறும் 100. எலக்ட்ரானின் அலைநீளத்துக்கு 1.227-ஐ வோல்ட்டின் வர்க்கமூலத்தால் வகுக்கும் வாய்பாடுதான். அதனால் பேனாவை எடுக்கும் முன் கேள்வியில் ஃபோட்டானா எலக்ட்ரானா என்று பார்த்து, அந்த வார்த்தையின் கீழே ஒரு கோடு போடுங்கள்.