சின்ன வங்கியில் பணம் போடும்போது செய்யக் கூடாத தவறுகள்

சித்தி ஒரு டெபாசிட் ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். நகரக் கூட்டுறவு வங்கி, 5 லட்சம், 3 வருடம், 8 சதவீத வட்டி. "5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்கே, அதான் சரியா 5 லட்சம் போட்டேன்" என்றார். பலரும் சறுக்குவது இங்கேதான்.

டிஐசிஜிசி என்கிற வைப்புக் காப்பீட்டுக் கழகம் தருவது அசலும் வட்டியும் சேர்த்து அதிகபட்சம் 5 லட்சம். வட்டியை எடுக்காமல் விட்டால் 3 வருடத்தில் சித்தியின் பணம் சுமார் 6.34 லட்சம் ஆகும். வங்கி முடங்கினால் மேலே உள்ள 1.34 லட்சத்துக்குக் காப்பீடு கிடையாது. அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். கிளை மாற்றிப் போட்டாலும் பயனில்லை. வரம்பு வங்கிக்குத்தான், கிளைக்கு இல்லை. இன்னொருவரோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு தனியாக எண்ணப்படும்.

அடுத்தது, பேச்சுவழக்கில் வங்கி என்று சொல்லும் எல்லாவற்றுக்கும் காப்பீடு உண்டு என்று நினைப்பது. ஊரில் கூட்டுறவு பேங்க் என்று நாம் சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது பொருந்தாது. நிதி நிறுவனங்களுக்கும் நிதி லிமிடெட்களுக்கும் கிடையாது. வங்கியின் பெயர் டிஐசிஜிசி இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, வங்கியின் உடல்நிலையை எப்படிப் பார்ப்பது? "ரொம்ப வருஷமா நம்ம ஊர்ல இருக்கு" என்பது அளவுகோல் அல்ல. 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை அந்தப் பக்கத்து வியாபாரிகள் வீட்டு வங்கியாகவே நினைத்தார்கள். 2020 மார்ச்சில் அது கொடுத்த கடனில் 25 சதவீதத்துக்கு மேல் வாராக்கடனாகியிருந்தது. நஷ்டத்தைத் தாங்க வங்கியிடம் எவ்வளவு சொந்த மூலதனம் இருக்கிறது என்று காட்டும் மூலதன விகிதம், குறைந்தது 9 சதவீதமாவது வேண்டிய இடத்தில் 1.12 தான் இருந்தது. வங்கியே வெளியிட்ட எண்கள் இவை. நவம்பரில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. டிபிஎஸ் வங்கியோடு இணைத்ததால் டெபாசிட் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் ஆண்டறிக்கையில் லாபத்தோடு நிறுத்தாமல், மூலதன விகிதத்தையும் நிகர வாராக்கடனையும் (நஷ்டத்துக்கு ஒதுக்கியது போக மிஞ்சும் வாராக்கடன்) 3 வருடத்துக்கு வரிசையாகப் பாருங்கள்.

எண்கள் நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். மும்பையின் பிஎம்சி என்ற கூட்டுறவு வங்கி, ஒரே ரியல் எஸ்டேட் குழுமத்துக்குக் கொடுத்த பெருங்கடனைப் போலிக் கணக்குகளுக்குள் மறைத்து வைத்திருந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தலையிட்டபோது, முதலில் எடுக்க அனுமதித்தது 1,000 ரூபாய். அன்று காப்பீடும் 1 லட்சம்தான். 5 லட்சம் ஆனது 2020 பிப்ரவரியில். 2021-ல் சட்டம் திருத்தப்பட்டு, இப்படித் தடை வந்தால் 90 நாளில் காப்பீட்டுத் தொகை தர வேண்டும் என்றானது. அந்த 90 நாளில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன செய்வது? அவசரப் பணத்தைச் சின்ன வங்கியில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

சித்தியை அந்த டெபாசிட்டை முடித்து 4.80 லட்சமாக மாற்றிப் போடச் சொன்னேன். வட்டி காலாண்டுக்கு ஒருமுறை வேறு வங்கியில் உள்ள அவர் கணக்குக்குப் போய்விடும்.