டைலிங் விண்டோ மேனேஜர்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

யாரோ போட்ட அழகான ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத்தான் நம்மில் பலர் டைலிங் விண்டோ மேனேஜர் பக்கம் வருகிறோம். லினக்ஸில் விண்டோக்களை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் திரையில் பக்கம் பக்கமாக அடுக்கும் நிரல்தான் அது. நானும் அப்படித்தான் வந்தேன். முதல் தவறையும் அங்கேயே செய்தேன்: அந்த ஸ்கிரீன்ஷாட்காரரின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளை அப்படியே இறக்கிப் போட்டுக்கொண்டேன். அவருடைய மானிட்டர், அவர் நிறுவியிருந்த எழுத்துரு, அவர் எழுதிய ஸ்கிரிப்ட் எல்லாம் இருந்தால்தான் அந்தக் கோப்புகளுக்கு உயிர். என் கணினியில் மேல்பட்டை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது, வால்யூம் கீ வேலை செய்யவில்லை. எந்த வரி எதற்கென்று தெரியாததால் திருத்தவும் வழியில்லை. ஐ3 என்ற டைலிங் விண்டோ மேனேஜர் தன்னோடு தரும் கான்ஃபிக்கை உட்கார்ந்த இடத்தில் படித்து முடித்துவிடலாம். அதில் ஒரு வாரம் ஓட்டுங்கள், கை தேடுவதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பெயரையும் அனிமேஷனையும் விட்டுவிட்டு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, விண்டோவை எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள். ஐ3, ஸ்வே இரண்டிலும் குறுக்கே பிரிப்பதா நெடுக்கே பிரிப்பதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிடபிள்யூஎம், எக்ஸ்மோனாட் போன்றவை ஒரு முக்கிய விண்டோவை ஒரு பக்கம் வைத்து, மற்றதைத் தாமாகவே அடுக்கிவிடும். இரண்டாவது, அமைப்பை எந்த மொழியில் எழுத வேண்டும். டிடபிள்யூஎம்மில் ஒரு கீயை மாற்றினாலும் சி கோப்பைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எக்ஸ்மோனாடுக்கு ஹாஸ்கெல், ஆசமுக்கு லுவா, க்யூடைலுக்குப் பைத்தான். ஹாஸ்கெல் தெரியாமல் எக்ஸ்மோனாடில் இறங்கினால் மாதக் கடைசியில் கொஞ்சம் ஹாஸ்கெல் கற்றிருப்பீர்கள், செய்ய வந்த வேலை அப்படியே கிடக்கும்.

ஐ3 கான்ஃபிக்கை ஸ்வே பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஐ3 ஓடுவது எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில், ஸ்வே ஓடுவது அதற்கு மாற்றாக வந்த வேலண்டில். எக்ஸ்11-இன் எக்ஸ்ரேண்டர் கருவி கொண்டு மானிட்டர் அமைத்த வரிகள் அங்கே எடுபடாது, அதை ஸ்வேயின் அவுட்புட் கட்டளையில்தான் எழுத வேண்டும். விண்டோவின் கிளாஸ் பெயரை (எந்தச் செயலி என்று எக்ஸ்11-இல் அடையாளம் காட்டும் பெயர்) வைத்து எழுதிய விதிகளும் வேலண்டில் நேரடியாக ஓடும் செயலிகளைப் பிடிக்காது, அவற்றுக்கு வேலண்டின் அடையாளப் பெயரான ஆப் ஐடி வேண்டும். நேற்றுவரை மிதந்த கால்குலேட்டர் இன்று பாதித் திரையை ஏன் பிடித்துக்கொண்டது என்று மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. விண்டோ மேனேஜர் விண்டோக்களை அடுக்கும், அவ்வளவுதான். க்னோம், கேடிஈ போன்ற முழு டெஸ்க்டாப்கள் இத்தனை நாள் சத்தமில்லாமல் செய்துவந்த வேலைகளை இனி நீங்கள்தான் ஆள் வைத்துச் செய்ய வேண்டும். ஒருமுறை பாதிக் கட்டுரையில் என் லேப்டாப் பட்டென்று அணைந்தது. பேட்டரி தீர்கிறது என்று சொல்ல அங்கே யாருமே இல்லை! நோட்டிஃபிகேஷனுக்கு எக்ஸ்11-இல் டன்ஸ்ட், வேலண்டில் மாகோ என்று ஏதாவது ஒன்று ஓட வேண்டும். பேட்டரியைக் கவனித்து அதற்குச் செய்தி அனுப்ப இன்னொன்று வேண்டும். நிர்வாகி கடவுச்சொல் கேட்கும் பெட்டி வர போல்கிட் ஏஜெண்ட், வேலண்டில் திரையைப் பகிர எக்ஸ்டிஜி போர்ட்டல், தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ். எல்லாவற்றையும் கான்ஃபிக்கிலேயே தொடங்கிவைக்க வேண்டியிருக்கலாம்.

இவற்றில் பூட்டுத்திரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். லேப்டாப்பை மூடினால் உறங்கும், பூட்டு அமைக்காவிட்டால் திறந்தவுடன் உங்கள் டெஸ்க்டாப் கடவுச்சொல் கேட்காமலே யாருக்கும் திறந்து கிடக்கும். ஐ3-இல் எக்ஸ்எஸ்எஸ்லாக், ஸ்வேயில் ஸ்வேஐடில், உறங்கும் முன் பூட்டும்படி இவற்றை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

இந்தத் துணை நிரல்களைத் தொடங்கும்போது கான்ஃபிக்கில் எழுதும் எக்ஸெக், எக்ஸெக் ஆல்வேஸ் கட்டளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஸ்வேயில் இரண்டாவதைப் போட்டால் கான்ஃபிக்கை ரீலோடு செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த நிரல் இன்னொரு தடவை ஓடும். ட்ரேயில் ஒரே ஐகான் நாலைந்து வரிசையாக நின்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

மாட் கீ, அதாவது விண்டோ மேனேஜரின் குறுக்குவழிகளில் சேர்த்து அழுத்தும் கீ, விஷயம் சின்னது. ஆல்ட்டை எடுத்தால் பிரவுசரில் முகவரிப் பட்டைக்குப் போகும் ஆல்ட் டி, செயலிகளைத் திறக்கும் ஐ3-இன் மெனுவோடு மோதும். விண்டோஸ் கீயையே எடுங்கள். அப்புறம், பத்து விண்டோவையும் ஒரே திரையில் பிரித்துப் பிரித்துக் கோடாக்க வேண்டாம். மாட் டபிள்யூ அழுத்தினால் அவை டேப்களாகிவிடும். பலர் மாதக்கணக்கில் இதைத் தொடுவதே இல்லை.

கான்ஃபிக்கைத் திருத்தினால் வெளியேறும் முன் சோதியுங்கள். ஐ3, ஸ்வே இரண்டிலும் கட்டளையோடு பெரிய சி ஆப்ஷனை (-C) கொடுத்தால் பிழை எந்த வரியில் என்று காட்டும். பழைய டெஸ்க்டாப்பையும் கொஞ்ச நாள் நீக்காமல் வைத்திருங்கள். பிஎஸ்பிடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜர் கீபோர்டைத் தானாகக் கவனிப்பதே இல்லை, அதற்கு எஸ்எக்ஸ்எச்கேடி என்று தனி நிரல் உண்டு. அதை மறந்துவிட்டு உள்ளே நுழைந்தால் டெர்மினல் திறக்காது, வெளியேறவும் கீ இருக்காது. அப்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கன்சோல் ஒன்று வரும். சரிசெய்வதை அங்கிருந்து தொடங்கலாம்.