நிவாரண அமைப்புக்குத் தலைமை தேடும்போது பயோடேட்டாவை எப்படிப் படிக்கக் கூடாது

"22 ஆண்டு அனுபவம் மிக்கவர். பல சர்வதேச நிறுவனங்களில் உயர் பொறுப்புகளை வகித்தவர். மனிதநேயப் பணியில் தீராத ஆர்வம் கொண்டவர்."

ஒரு பிராந்தியத்துக்குள் இயங்கும் நிவாரண அமைப்புகளின் ஆண்டறிக்கையைப் புரட்டுங்கள். தலைவர்களைப் பற்றி இப்படி மூன்று வரி நிச்சயம் இருக்கும். அதை வெட்டி அடுத்த அமைப்பின் அறிக்கையில் ஒட்டினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த மாதிரி குறிப்புகளை நானே சில காலம் எழுதிக்கொடுத்திருக்கிறேன். அப்புறம் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதி அனுப்பியதைப் படித்தும் இருக்கிறேன். எழுதுகிறவர், படிக்கிறவர் இருவரும் செய்கிற தவறு ஒன்றுதான். ஒருவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று பார்க்கிறோம்; அதில் உட்கார்ந்து என்ன முடிவெடுத்தார் என்று பார்ப்பதில்லை. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

ஆண்டுகளை எண்ணுவது

22 ஆண்டு என்பது தலைமையகத்தில் திட்ட அறிக்கை எழுதிய 22 ஆண்டாகவும் இருக்கலாம், முகாம் முகாமாக அலைந்த 22 ஆண்டாகவும் இருக்கலாம். முதல் வருடம் கற்றதையே 22 தடவை திருப்பிச் செய்ததாகவும் இருக்கலாம். எண் இதில் எதையும் சொல்லாது. அதனால் விண்ணப்பத்தில் நான் தேடுவது வேறு: இவர் கையெழுத்துப் போட்டுச் செலவழித்த மிகப் பெரிய தொகை எவ்வளவு? இவருக்குக் கீழே அதிகபட்சம் எத்தனை பேர் வேலை செய்தார்கள்? எதையாவது நிறுத்தியிருக்கிறாரா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே இருக்காது. தொடங்கியதை எல்லோரும் எழுதுவார்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்று ஒரு விநியோகத்தை நடுவில் நிறுத்தியதை யாரும் எழுதுவதில்லை. உண்மையில் அதுதான் தலைமைக்கான சான்று.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கணக்கு உண்டு. 5,000 பேர் இடம்பெயர்ந்து ஒரு மைதானத்தில் வந்து இறங்கிவிட்டார்கள். நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்க 1997இல் தொடங்கிய ஸ்ஃபியர் திட்டத்தின் கையேடு, ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்கிறது. ஆக 75,000 லிட்டர் வேண்டும். உங்களிடம் வந்து சேர்ந்திருப்பது 30,000. என்ன செய்வீர்கள்?

15 லிட்டர் என்ற எண் தெரிந்திருக்கிறதா என்று சோதிக்க இதைக் கேட்பதில்லை. அதைக் கையேட்டில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். பெரிய பதவிகளில் இருந்து வந்த ஒருவர், "உடனே மேலிடத்துக்குத் தகவல் கொடுப்பேன்" என்றார். தவறான பதில் இல்லை, ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்து வந்த பெண்மணி பதில் சொல்லாமல் எங்களைக் கேட்கத் தொடங்கினார். மைதானத்துக்குப் பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா? வேறு எந்த அமைப்பு அங்கே தண்ணீர் கொடுக்கிறது? கைக்குழந்தை உள்ளவர்கள் எத்தனை பேர்? குடிக்கவும் சமைக்கவும் மட்டும் முதல் இரண்டு நாள் பங்கிட்டால் சண்டை வராமல் இருக்க வரிசையை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவருடைய விண்ணப்பம் ஒன்றரைப் பக்கம்தான். முன்னவருடையது எட்டுப் பக்கம்.

தொழிலை வைத்து முத்திரை குத்துவது

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி என்றால் லாரிகள் நேரத்துக்கு ஓடும், தொழிலதிபர் என்றால் பணம் வரும், மருத்துவர் என்றால் மக்கள் நம்புவார்கள், முன்னாள் அரசு அதிகாரி என்றால் கதவுகள் திறக்கும். நிர்வாகக் குழுக்கள் இப்படித்தான் கணக்குப் போடுகின்றன. இதன் மறுபக்கமும் உண்டு. அந்த ராணுவமே மோதலில் ஒரு தரப்பாக இருக்கும் இடத்தில், அதன் முன்னாள் அதிகாரி தலைமையில் வரும் லாரியை நெருங்க மக்கள் பயப்படுவார்கள். தொழிலதிபர் நன்கொடையாளரை வாடிக்கையாளராகப் பார்க்கப் பழகியவர்; வரிசையில் நிற்கிறவர் அவர் கண்ணில் படத் தாமதமாகும். மருத்துவருக்கு நோயாளி தெரிவார், கழிப்பறை தெரியாது. (எல்லா மருத்துவர்களையும் சொல்லவில்லை. ஆனால் முகாமில் கழிப்பறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.)

அதற்காக ராணுவத்தார் வேண்டாம் என்று ஒரே கோடாகக் கிழிப்பதும் தவறுதான். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவுக்கு முதல் தலைவர் ஒரு ஜெனரல், கியோம் ஆன்ரி டுஃபூர். 1847இல் சுவிட்சர்லாந்தில் உள்நாட்டுப் போர் வந்தபோது கூட்டாட்சிப் படைக்குத் தளபதியாக இருந்தவர். காயம்பட்டவர்களையும் சரணடைந்தவர்களையும் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று தன் படைக்கு அப்போதே உத்தரவிட்டவர். அவரைத் தலைமைக்குத் தகுதியாக்கியது இந்த உத்தரவு. ஜெனரல் என்ற பட்டம் பலரிடம் இருந்தது.

செஞ்சிலுவை இயக்கம் 1965இல் வியன்னாவில் அறிவித்த ஏழு அடிப்படைக் கொள்கைகளில் நடுநிலையும் பாரபட்சமின்மையும் தனித்தனியாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். மோதலில் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது நடுநிலை. தேவையை மட்டும் பார்த்துக் கொடுப்பது பாரபட்சமின்மை. விண்ணப்பதாரரிடம் இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவார்கள். தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர், இரண்டும் ஒன்றோடொன்று மோதிய ஒரு நாளைத் தன் அனுபவத்திலிருந்தே சொல்வார்.

கணக்குப் பார்த்தவரை ஒதுக்குவது

நிவாரணப் பணிக்கு மனசு வேண்டும், கணக்குப் பிள்ளை வேண்டாம் என்ற ஒரு நினைப்பு நம் துறையில் உண்டு. பேலன்ஸ் ஷீட் படித்து வளர்ந்தவரைப் பொருளாளர் பதவியில் ஓரமாக உட்காரவைத்துவிடுவோம். ஃபசல் ஹசன் அபெத் அப்படிப்பட்ட ஆள்தான். லண்டனில் கணக்கியல் படித்து, ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் நிதிப் பிரிவில் வேலை பார்த்தவர். 1970இல் வங்கக் கரையைப் புயல் தாக்கியதும் நிவாரணத்தில் இறங்கினார். வங்கதேச விடுதலைப் போர் முடிந்து அகதிகள் ஊர் திரும்பியபோது, 1972இல் லண்டனில் இருந்த தன் வீட்டை விற்ற பணத்தோடு பிராக் என்ற நிவாரண, வளர்ச்சி அமைப்பை வங்கதேசத்தில் தொடங்கினார்.

அவருடைய கணக்கு மூளை எங்கே வேலை செய்தது என்பதுதான் சுவாரசியம். 1980 முதல் சுமார் பத்து வருடம், பிராக் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், தண்ணீர் என்று வீட்டிலேயே கலந்து கொடுக்கும் முறை. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று மட்டும் பார்த்துச் சம்பளம் கொடுத்திருந்தால் ஓடிக்கொண்டே இருந்திருப்பார்கள். அங்கே வேறு ஆட்கள் பின்னால் போய்ச் சில தாய்மார்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்தது எந்த அளவுக்கு நினைவில் நின்றதோ, அந்த அளவுக்குப் பணியாளருக்கு ஊதியம். கணக்கும் மனசும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருந்தன.

ஒரே நாயகர்

1859இல் ஹென்றி டுனான்ட் தன் வியாபார விஷயமாக பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் III-ஐப் பார்க்கப் போன இடத்தில், இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் காயத்தோடு கிடந்தவர்களைக் கண்டார். பிறகு அதைப் பற்றி எழுதி அச்சிட்டார். செஞ்சிலுவை அங்கிருந்துதான் தொடங்கியது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1863 பிப்ரவரியில் ஜெனீவாவில் கூடியவர்கள் ஐந்து பேர் என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை: வியாபாரி டுனான்ட், வழக்கறிஞர் மொய்னியர், ஜெனரல் டுஃபூர், அறுவை மருத்துவர்கள் அப்பியா, மொனுவார். 1867இல் டுனான்டின் வியாபாரம் திவாலாகி அவர் வெளியேற வேண்டியதானது. அமைப்பு விழவில்லை, மொய்னியர் பல பத்தாண்டுகள் அதை நடத்தினார். 1901இல் அமைதிக்கான முதல் நோபல் பரிசில் பாதி டுனான்டுக்கு வந்தபோது, அவர் செஞ்சிலுவையின் பொறுப்பில் இல்லாமல் 30 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அமெரிக்கச் செஞ்சிலுவையை 1881இல் நிறுவிய க்ளாரா பார்ட்டன் கதை வேறு விதம். களத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் தானே பிடித்து நடத்தினார். கணக்கு வைக்கும் முறை பற்றியும் நிர்வாகம் பற்றியும் விமர்சனம் குவிந்து, 1904இல் 82 வயதில் விலகினார்.

ஆகவே ஒருவரின் பின்னணியை மட்டும் தனியே எடைபோடாதீர்கள். குழுவில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்து பேரும் நிதி திரட்டுகிறவர்களாக இருந்தால் ஆறாவதும் அதே மாதிரி ஆளை எடுப்பதில் அர்த்தமில்லை. இயக்குநரின் மைத்துனர் பொருளாளராக இருக்கிறார் என்றால், அவர் எவ்வளவு நேர்மையானவர் என்ற பேச்சே வேண்டாம், மாற்றுங்கள்.

மண்ணின் மைந்தர் என்ற குழப்பம்

2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சி மாநாட்டில், பெரிய நன்கொடையாளர்களும் அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2020க்குள் நிவாரண நிதியில் குறைந்தது 25 சதவீதத்தை உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகச் சேர்ப்பது அதன் இலக்குகளில் ஒன்று. உலக அளவில் அது எட்டப்படவில்லை. தலைமைத் தேர்விலும் இதே கதைதான். பத்து வருடம் உள்ளூரில் ஒருங்கிணைத்தவரை "களப்பணியாளர்" என்று ஒரு படி கீழே வைப்பார்கள். ஆறு மாதம் வந்து போனவர் "நிபுணர்" ஆகிவிடுவார். நன்கொடையாளரின் மொழியில் சரளமாக அறிக்கை எழுதுவது ஒரு திறமைதான், மறுக்கவில்லை. அதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். எந்த ஊர்த் தலைவர் யாரோடு பேச மாட்டார் என்பது தெரிந்த ஆளை அப்படி வாடகைக்கு எடுக்க முடியாது.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் விழுகிறவர்களும் இருக்கிறார்கள். "அந்தப் பகுதிக்காரர், போதும்" என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பகுதியில் எந்தப் பக்கத்துக்காரர்? ஆற்றுக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா? எந்த மொழி, எந்தச் சமூகம், எந்தக் கட்சிக்காரர் வீட்டில் திருமணம்? பிராந்திய அமைப்பு என்றால் நாலைந்து மக்கள் கூட்டங்களுக்கு நடுவே நிற்கிறது. ஒரு கூட்டத்துக்கு நெருக்கமானவர் மற்றதற்குத் தூரமாகலாம். அதை அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். "எனக்கு எல்லோரும் ஒன்றுதான்" என்பவரைவிட, "அந்தக் கரையில் என்னை நம்ப மாட்டார்கள், அதற்கு இன்னார் வேண்டும்" என்பவரை நான் எடுப்பேன்.

அவசரத்தில் விசாரிக்காமல் விடுவது

பேரிடர் வந்துவிட்டது, ஆள் உடனே வேண்டும், விசாரிக்க நேரமில்லை. பெரிய தவறுகள் நுழையும் வழி இதுதான். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியில் வேலை செய்த ஒரு பெரிய அமைப்பின் அந்நாட்டுத் தலைவர், பாலியல் ஒழுங்கீனம் தொடர்பான விசாரணையின்போது 2011இல் ராஜினாமா செய்ய அனுமதிக்கப்பட்டார். பிறகு அவரையே இன்னொரு அமைப்பு வங்கதேசத்தில் பொறுப்பில் அமர்த்தியது. 2018இல் விஷயம் வெளியே வந்தபோதுதான் உலகம் விழித்தது. அவருடைய பயோடேட்டாவில் எந்த ஓட்டையும் தெரிந்திருக்காது. பதவி, நாடு, வருடம் எல்லாம் வரிசையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு 2019இல், புதிதாக வேலைக்கு எடுக்கும் அமைப்பு பழைய அமைப்பிடம் ஒழுங்கீனம் பற்றி நேரடியாகக் கேட்டு, பதில் பெறும் ஏற்பாடு ஒன்று வந்தது. உங்கள் அமைப்பு அதில் சேராவிட்டாலும் கேள்வியை எழுத்தில் கேட்கலாம். "நல்லவர், திறமையானவர்" என்று பொதுவாக வரும் கடிதத்தை ஏற்காதீர்கள்.

இன்னொன்று. விண்ணப்பதாரர் தரும் மூன்று பெயர்களும் அவருக்கு மேலே இருந்தவர்களாகவே இருக்கும். கீழே இருந்தவர் ஒருவரையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள்: ஓட்டுநர், கணக்கர், கிடங்குப் பொறுப்பாளர், யாராவது. ஒரு முறை அந்த எட்டுப் பக்கக்காரருக்காக நான் அப்படி ஒரு கிடங்குப் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நல்ல மனுஷன்தான் சார். ஆனா லாரி வர்ற அன்னிக்கு மட்டும் போன் எடுக்க மாட்டார்" என்றார். அவரை அடுத்த சுற்றுக்கு அழைத்தோம். முதல் கேள்வியே அந்த லாரிகளைப் பற்றித்தான்.