பட்டாவில் இருப்பது சென்ட் அல்ல

ஓசூர், சூளகிரி பக்கம் நிலம் பார்க்கப் போகிறவர்கள் விலையை நூறு முறை பேசுகிறார்கள். எந்த அளவில் பேசுகிறோம் என்று ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

பட்டாவிலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. பரப்பு என்ற இடத்தில் 0 - 40.50 என்று இருக்கும். தெரிந்தவர் ஒருவர் அதை நாற்பதரை சென்ட் என்று படித்துவிட்டு, "ஒரு ஏக்கர்னு சொல்லி ஏமாத்தறாங்கண்ணா" என்று பதறிப்போய் வந்தார். முதலில் இருப்பது ஹெக்டேர், அடுத்து இருப்பது ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். சென்ட்டில் சுமார் 2.47. பெருக்கிப் பாருங்கள், 100 சென்ட் வரும். முழுசாக ஒரு ஏக்கர். இதே தவறை விற்கிறவர் செய்தால், பாதிக்கு மேற்பட்ட நிலத்தைக் காசு வாங்காமலே எழுதிக் கொடுத்துவிடுவார்.

கர்நாடக எல்லையிலிருந்து வரும் புரோக்கர்கள் குண்டா கணக்கில் பேசுவார்கள். 40 குண்டா ஓர் ஏக்கர்; ஒரு குண்டா இரண்டரை சென்ட், அதாவது 1,089 சதுர அடி. யாராவது குழி என்று சொன்னால் எத்தனை சதுர அடி என்று கட்டாயம் கேளுங்கள். 144-ம் உண்டு, 576-ம் உண்டு.

அப்புறம், கொல்லை. தர்மபுரிப் பக்கம் "கொல்லையில வேலை" என்றால் ராகியும் சாமையும் விளைகிற மானாவாரி நிலத்தில் வேலை. தஞ்சாவூர்க்காரர் காதில் அது வீட்டின் பின்புறம். காடு என்பதும் இங்கே பெரும்பாலும் புஞ்சைதான்; வனத்துறை சொல்லும் காடு வேறு. "காட்டோரமா இருக்கு" என்று சொன்னால் எந்தக் காடு என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஓசூரில் வீடு "லீசுக்கு" என்றால் பெரிய தொகை ஒன்றைக் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்குவது. போக்கியம் என்பார்கள், மதுரைப் பக்கம் ஒத்தி. கம்பெனிக் காகிதத்தில் வரும் லீஸ் வேறு; அது வாடகை ஒப்பந்தம்.

பழைய பத்திரத்தில் "சேலம் மாவட்டம்" என்று இருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். தர்மபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஓசூரும் சூளகிரியும் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. கிராமத்தின் பெயரும் செக்குபந்தியில், அதாவது பத்திரத்தில் எல்லைகளைச் சொல்லும் பகுதியில், உள்ள நான்கு எல்லைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.