பித்தளையில் சூரியக் கடிகாரம்: வீட்டிலேயே ஒளி அரிப்பு

சூரியக் கடிகாரத்தில் மணிக் கோடுகள் இடத்துக்கு இடம் மாறும். அதனால் வேறோர் இடத்துக்கு வரைந்த படத்தை நகலெடுக்காதீர்கள். கிடையாக வைக்கும் கடிகாரத்துக்குக் கணக்கு எளிது: நண்பகலிலிருந்து எத்தனை மணி என்பதை 15 டிகிரியால் பெருக்கி, அதன் டேன் மதிப்பை அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கினால், கோட்டுக் கோணத்தின் டேன் கிடைக்கும். 30 டிகிரி அட்சரேகையில் 1 மணிக் கோடு 7.6 டிகிரி, 3 மணிக் கோடு 26.6 டிகிரி. நிழல் விழச் செய்யும் முள்ளின் சாய்வு உங்கள் அட்சரேகைதான். முள் 2 மி.மீ. தடிமன் என்றால் நண்பகல் கோட்டை இரண்டாக்கி, நடுவே அதே 2 மி.மீ. விடுங்கள்.

கோடுகள் கறுப்பாக இருக்கும்படி டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுங்கள். கண்ணாடி பிம்பமாக எடுத்தால்தான் மை உள்ள பக்கம் தகட்டோடு ஒட்டி உட்காரும், ஓரங்கள் கூர்மையாக விழும்.

அடுத்தது சுத்தம். பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது என்பேன். நைஸான உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, தகட்டைச் சாய்த்துத் தண்ணீர் விடுங்கள். ஒரே படலமாகப் பரவினால் சரி. எங்காவது திட்டாக விலகினால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, மறுபடி தேயுங்கள். அப்புறம் விரல் படவே கூடாது.

மஞ்சள் வெளிச்சத்தில், டிரை பிலிமின் (ஒளி பட்டால் இறுகும் படலம்) உள்பக்கப் பாதுகாப்புத் தாளை உரித்து, ஒரு முனையிலிருந்து காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டி, சூடான லேமினேட்டரில் விடுங்கள். மேலே படத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். நேரம் விளக்குக்கு விளக்கு மாறும். துண்டுத் தகட்டில் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று படிப்படியாகச் சோதியுங்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகி நிற்கும்.

மேல் தாளையும் உரித்துவிட்டு (பலரும் மறப்பது இதைத்தான்), லிட்டருக்கு 10 கிராம் சலவைச் சோடா கலந்த நீரில் மென்மையான பிரஷால் வருடுங்கள். கோடுகளில் பித்தளை பளிச்சென்று தெரிய வேண்டும்.

பின்பக்கத்தை டேப்பால் மூடி, பிளாஸ்டிக் தட்டில், பித்தளையை அரிக்கும் பெரிக் குளோரைடு கரைசலில் தகட்டைக் கவிழ்த்து மிதக்க விடுங்கள். அப்போதுதான் கசடு கீழே விழும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கரைசல் 40 டிகிரி சூட்டில் இருந்தால் வேகம் கூடும். அவ்வப்போது எடுத்துக் கழுவி நகத்தால் வருடுங்கள். நகம் தடுக்கினால் ஆழம் போதும். பழைய கரைசலில் செம்பு கலந்திருக்கும், சாக்கடையில் ஊற்றாதீர்கள். அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

மீதிப் பிலிமை நீர்த்த காஸ்டிக் சோடாவில் அகற்றி, கறுப்பு எனாமலைக் கோடுகளில் நிரப்புங்கள். காய்ந்ததும் மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் மேற்பரப்பைத் தேய்த்தால் கோடுகளில் மட்டும் கறுப்பு நிற்கும்.

முள்ளைப் பொருத்தி, வட அரைக்கோளத்தில் மெய்வடக்கை நோக்கி வையுங்கள். திசைகாட்டி காட்டும் வடக்கு சற்று விலகியிருக்கும். நவம்பர் தொடக்கத்தில் நிழல், உள்ளூர்ச் சராசரி நேரத்தைவிட 16 நிமிடம் முந்தும். அது கோட்டின் பிழை அல்ல, பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் செய்யும் வேலை.